மணிலாவிலிருந்து ஜப்பானுக்கு: பிலிப்பைன்ஸ் பயணிகளுக்கான விசாவும் நுழைவு விதிகளும்

விசா என்றால் ஒரு நாட்டுக்குள் நுழைவதற்கான உரிமை என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது, அந்த நாட்டின் எல்லை வரை வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்பதற்கான அனுமதி மட்டுமே. விசாவைத் தருவது பெரும்பாலும் வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தூதரகம். உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் விமான நிலையத்தில் அமர்ந்திருக்கும் குடிவரவு அதிகாரி. இருவரும் வெவ்வேறு துறையைச் சேர்ந்தவர்கள் என்பதால், முதலாமவர் தந்த அனுமதியை இரண்டாமவர் ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்த நாட்டிலும் இல்லை.

பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு சோதனை உண்டு. சொந்த நாட்டை விட்டுப் புறப்படும்போது, மணிலாவிலோ செபுவிலோ பிலிப்பைன்ஸ் குடிவரவுத் துறையே நடத்தும் விசாரணைதான் அது. ஆக, சுற்றுலாவுக்குக் கிளம்பும் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் தூதரகம், தாய்நாட்டு விமான நிலையம், போய் இறங்கும் விமான நிலையம் என மூன்று இடங்களில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று இடங்களிலும் கேட்கப்படுவது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: நீங்கள் சுற்றிப் பார்க்கத்தான் போகிறீர்களா, போனால் திரும்பி வருவீர்களா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், முதல் பார்வைக்குத் தலைசுற்ற வைக்கும் ஆவணப் பட்டியலில் ஒவ்வொரு தாளும் எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது தெளிவாகப் புரியும். பிலிப்பைன்ஸ்காரர்கள் பெரிதும் விரும்பிச் செல்லும், ஆனால் விசா இல்லாமல் செல்ல முடியாத ஜப்பானை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன்.

விசா வேண்டிய நாடுகளும் வேண்டாத நாடுகளும்

பெரும்பாலான தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்குள் பிலிப்பைன்ஸ் குடிமக்களுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. ஆசியான் நாடுகள் 2006-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் செய்துகொண்ட விசா விலக்கு ஒப்பந்தமும், நாடுகள் தமக்குள் தனித்தனியே வைத்துக்கொண்ட ஏற்பாடுகளுமே இதற்குக் காரணம். சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் 30 நாள், வியட்நாமில் 21 நாள் என்று தங்கும் காலம் மாறுபடும். ஹாங்காங் 14 நாள் தருகிறது. தைவான் 2017 நவம்பரில் சோதனை முறையாகத் தொடங்கிய 14 நாள் விலக்கை அவ்வப்போது நீட்டித்து வருகிறது. அதன் கெடு தேதியை ஒவ்வொரு முறையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

விசா வேண்டாம் என்பதற்கு எந்தத் தாளும் வேண்டாம் என்று பொருளில்லை. சிங்கப்பூரும் மலேசியாவும் வருகைப் பதிவை இணையத்தில் முன்கூட்டியே நிரப்பச் சொல்கின்றன. தாய்லாந்தும் 2025 மே மாதத்திலிருந்து அதையே கேட்கிறது. மூன்றும் இலவசம். பாஸ்போர்ட் குறைந்தது இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், திரும்பி வரும் பயணச்சீட்டு கையில் இருக்க வேண்டும் என்பவை பெரும்பாலும் எல்லா இடத்துக்கும் பொது.

ஜப்பானின் நிலை வேறு. 2013 ஜூலையில் தாய்லாந்து, மலேசியா நாட்டவருக்கு ஜப்பான் விசாவையே நீக்கியது. அதே சமயத்தில் பிலிப்பைன்ஸுக்கும் வியட்நாமுக்கும் பலமுறை சென்றுவரும் விசா என்ற சலுகையை மட்டும் தந்தது. மறுபக்கம், ஜப்பானியர்கள் பிலிப்பைன்ஸுக்கு விசா இல்லாமலேயே வந்து 30 நாள் தங்கலாம். இந்தச் சமமின்மை பிலிப்பைன்ஸ்காரர்களை உறுத்துவது இயல்பே. ஆனால் அதற்கு ஒரு பின்னணி உண்டு. 1980-களிலிருந்து ஏராளமான பிலிப்பைன்ஸ் பெண்கள் ‘கலைஞர்’ விசாவில் ஜப்பானின் இரவு விடுதிகளுக்கு வேலைக்குச் சென்றார்கள். 2004-இல் மட்டும் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு நுழைந்தனர். அவர்களில் பலர் கடத்தலுக்கும் சுரண்டலுக்கும் ஆளானதை அமெரிக்க வெளியுறவுத் துறையின் மனிதக் கடத்தல் அறிக்கை அதே ஆண்டில் சுட்டிக்காட்டியது. அதன்பின் 2005-இல் அந்த விசாவுக்கான விதிகளை ஜப்பான் கடுமையாக்கியது. தனி ஒருவரின் சுற்றுலா விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரி இந்த வரலாற்றை அறியாதவர் அல்லர். விண்ணப்பிப்பவர் எந்தத் தவறும் செய்யாதிருந்தும், தம்மைப் பற்றிய ஐயத்தைத் தாமே தீர்த்துவைக்க வேண்டிய இடத்தில் நிற்கிறார். அது நியாயமா என்ற கேள்வி எனக்கும் உண்டு; ஆயினும் விண்ணப்பத்தை ஒழுங்காகத் தயாரிக்க அந்த நிலைமையைப் புரிந்துகொண்டாக வேண்டும்.

ஆவணங்கள் எதற்காக

க்வெசான் சிட்டியில் ஓர் அழைப்பு மையத்தில் வேலை செய்யும் இளம்பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் முறையாக வெளிநாடு செல்கிறார். செலவு முழுவதும் அவருடையதே. ஏழு நாள் ஒசாகாவிலும் கியோட்டோவிலும் சுற்றிப் பார்க்க விரும்புகிறார். அவர் தர வேண்டியவை: பாஸ்போர்ட், நிரப்பிய விண்ணப்பப் படிவம், அண்மையில் எடுத்த புகைப்படம், பிறப்புச் சான்றிதழ், திருமணமானவராக இருந்தால் திருமணச் சான்றிதழ், ஜப்பானில் ஒவ்வொரு நாளும் எங்கே இருப்பார் என்ற பயணத்திட்டம், வங்கிச் சான்றிதழ், வருமான வரிப் படிவம்.

இதில் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துத்தான் வெளியார் வியப்பார்கள். பாஸ்போர்ட்டே அடையாளச் சான்றாக இருக்கும்போது இது எதற்கு? பிறர் பெயரில் பாஸ்போர்ட் எடுத்து வேலைக்குப் போன பழைய வழக்குகள்தான் காரணம். ஆகவே பிலிப்பைன்ஸ் புள்ளியியல் ஆணையம் பாதுகாப்புத் தாளில் அச்சிட்டுத் தரும் சான்றிதழை, அதுவும் ஓராண்டுக்குள் பெறப்பட்டதாக, தூதரகம் கேட்கிறது. உள்ளூர்ப் பதிவாளர் தரும் நகல் மட்டும் போதாது. இங்கேதான் பலருக்கு முதல் தடை வருகிறது. குழந்தை பிறந்து 30 நாளுக்குள் பதிவு செய்யாவிட்டால் அது ‘தாமதப் பதிவு’ என்று சான்றிதழிலேயே குறிக்கப்படும். மருத்துவமனை எட்டாத தீவுகளிலும் மலைக் கிராமங்களிலும், வீட்டிலேயே மருத்துவச்சியின் கையில் பிறந்தவர்களிடையே இது மிகச் சாதாரணம்; பள்ளியில் சேர்க்கும்போதுதான் பெற்றோர் பதிவு செய்திருப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் தேவாலயத்தின் ஞானஸ்நானச் சான்றிதழையும் பள்ளியின் நிரந்தரப் பதிவேடான 137-ஆம் எண் படிவத்தையும் சேர்த்துத் தர வேண்டும். பழைய பள்ளிக்கு எழுதி அந்தப் படிவத்தை வரவழைக்கச் சில வாரங்கள் ஆகலாம். ஆகவே பயணத் தேதியை முடிவு செய்வதற்கு முன்பே, தம் பிறப்புச் சான்றிதழை எடுத்து ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

வருமான வரிப் படிவம் என்பது சம்பளக்காரர்களுக்கு முதலாளி தரும் 2316-ஆம் எண் படிவம். அது வேலை இருப்பதையும், சம்பளம் எவ்வளவு என்பதையும், அரசுக்கு வரி சென்றிருப்பதையும் ஒரே பக்கத்தில் காட்டிவிடுகிறது. வங்கிச் சான்றிதழ் இருப்பைக் காட்டும். எவ்வளவு பணம் இருந்தால் போதும் என்று ஜப்பான் தூதரகம் எந்தத் தொகையையும் அறிவிப்பதில்லை. கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இந்தச் சம்பளக்காரர் இந்தப் பயணத்துக்கு இவ்வளவு சேர்த்திருக்க முடியுமா என்பதுதான். மாதம் 25 ஆயிரம் பெசோ வாங்குபவரின் கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென மூன்று லட்சம் வந்து விழுந்தால், அதிகாரி அதை உடனே கவனிப்பார். பிலிப்பைன்ஸில் இதை ‘ஷோ மனி’ என்பார்கள். உறவினரிடமோ வட்டிக்கடையிலோ வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பித் தருவது. இது உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம். சிறிய தொகையானாலும் மாதாமாதம் சேர்ந்து வந்த இருப்பு, அதற்கேற்ற எளிய பயணத்திட்டம் ஆகியவையே நம்பத் தகுந்தவையாக இருக்கும்.

செலவைப் பெற்றோரோ கணவரோ ஏற்பதாக இருந்தால், அவர் உத்தரவாதக் கடிதம் தந்து, தம் வங்கி, வரி ஆவணங்களையும் உறவுக்கான சான்றையும் இணைக்க வேண்டும். ஜப்பானில் இருக்கும் உறவினரோ நண்பரோ அழைத்தால் அழைப்புக் கடிதமும், அவருடைய குடியிருப்புச் சான்றும் ஜப்பானிலிருந்து வர வேண்டும். செலவையும் அவரே ஏற்றால் வருமானச் சான்றும் சேரும். மாமன் வீட்டுக்குப் போகிறவர், கேள்விகளைத் தவிர்ப்பதற்காகச் ‘சுற்றுலா’ என்று மட்டும் எழுதிவிட்டு ஏதோ ஒரு விடுதியின் முகவரியைக் கொடுப்பது பெரும் தவறு. பின்னால் மணிலாவிலோ, டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்திலோ யாராவது கேட்கும்போது உண்மை வெளிவந்தால், முன்பு எழுதியதே பொய் ஆகிவிடும்.

பெயர் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். பிலிப்பைன்ஸில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் நடுப்பெயராக வரும். திருமணமான பெண் கணவரின் குடும்பப் பெயரை ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். ஒருமுறை கணவரின் பெயரில் பாஸ்போர்ட் எடுத்துவிட்டால், கணவர் இறந்தாலோ திருமணம் சட்டப்படி முறிந்தாலோ அன்றி மீண்டும் பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்ப முடியாது என்ற நிலை நெடுநாள் இருந்தது. 2024-இல் வந்த புதிய பாஸ்போர்ட் சட்டம் ஒரே ஒரு முறை அப்படித் திரும்ப வழிவிட்டது. எந்தப் பெயராக இருந்தாலும், பாஸ்போர்ட், விசா விண்ணப்பம், பயணச்சீட்டு மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தைத் தூதரகத்தில் நேரே கொடுக்க முடியாது. அதற்கென ஏற்படுத்தப்பட்ட விண்ணப்ப மையங்கள் வழியாகத்தான் தர வேண்டும். பிலிப்பைன்ஸ் குடிமக்களிடம் விசாக் கட்டணம் வாங்காமலிருப்பது நீண்ட கால வழக்கம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் பார்த்துக்கொள்வதே சரி. ஏப்ரலில் செர்ரி மலர்கள் பூக்கும் பருவத்துக்கு முன் கூட்டம் அலைமோதும். விசா கையில் வரும் வரை பணம் திரும்பக் கிடைக்காத பயணச்சீட்டை வாங்காதிருப்பது நல்லது.

மறுக்கப்பட்டால் காரணம் சொல்லமாட்டார்கள். அதே நோக்கத்துக்காக ஆறு மாதத்துக்குள் மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. அவசர அவசரமாகக் கொடுத்த ஒரு விண்ணப்பம் அரை ஆண்டைத் தின்றுவிடும்.

ஒட்டப்படும் விசாவில் இரண்டு காலக்கெடுக்கள் இருக்கும்; தொடக்கப் பயணிகள் பலர் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒருமுறை நுழையும் விசா கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் செல்லுபடியாகும். அதற்குள் ஜப்பானில் போய் இறங்கிவிட வேண்டும். இறங்கியபின் தங்கலாம் என்று குறிக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் 15 நாள் அல்லது 30 நாள். மூன்று மாத விசா என்று நினைத்து மூன்று மாதம் தங்கினால், அது சட்டவிரோதத் தங்கல்.

சொந்த நாட்டு விமான நிலையத்தில்

இந்தியப் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை முத்திரையைப் பார்த்திருக்கும் தமிழ் வாசகர்களுக்கு, சொந்த நாடே புறப்பாட்டைச் சோதிப்பது புதிதாக இராது. ஆனால் இந்தியாவில் அது குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போவோரைப் பற்றியது. பிலிப்பைன்ஸில் சுற்றுலாப் பயணியையும் நிறுத்திக் கேட்கிறார்கள்.

1987-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தேசப் பாதுகாப்பு, பொதுப் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்காகச் சட்டம் வகுத்த வழியில் அன்றிப் பயண உரிமையைக் குறைக்கக் கூடாது என்கிறது. மறுபுறம், 2003-இல் இயற்றப்பட்டு 2013-இலும் 2022-இலும் விரிவாக்கப்பட்ட மனிதக் கடத்தல் தடுப்புச் சட்டம், கடத்தப்படுபவரைப் புறப்படும் இடத்திலேயே காப்பாற்ற வேண்டிய பொறுப்பைக் குடிவரவுத் துறையின் மேல் வைக்கிறது. சுற்றுலா என்று கிளம்பி மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்ட பிலிப்பைன்ஸ் இளைஞர்கள் அரசின் உதவியோடு மீட்கப்பட்டு வந்திருக்கிறார்கள். வளைகுடாவுக்குப் பார்வையாளர் விசாவில் போய் வீட்டு வேலையில் சிக்கிய பெண்களும் உண்டு. ஆகவே இந்தச் சோதனையே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நடைமுறை இதுதான். முதல் கவுண்டரில் பாஸ்போர்ட், தேவைப்பட்டால் விசா, திரும்பும் பயணச்சீட்டு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். சில கேள்விகள் கேட்பார்கள். ஐயம் எழுந்தால் இரண்டாம் கட்ட விசாரணைக்கு அனுப்புவார்கள். அங்கே வேலைச் சான்றிதழ், விடுப்பு அனுமதிக் கடிதம், விடுதி முன்பதிவு, பணம் எங்கிருந்து வந்தது என்பவை கேட்கப்படலாம். திருப்தி ஏற்படாவிட்டால் பயணம் ‘ஒத்திவைக்கப்படும்’. மக்கள் இதை ‘ஆஃப்லோட்’ என்றே சொல்கிறார்கள். விசா முறையாக இருந்தும் இது நடக்கலாம் என்பதே வேதனையானது.

2023 மார்ச்சில், ஒரு பெண் பயணி தம்மிடம் கல்லூரி ஆண்டு மலரைக் கூடக் கேட்டார்கள் என்றும், விசாரணை நீண்டதால் விமானத்தைத் தவறவிட்டதாகவும் இணையத்தில் சொன்ன காணொளி நாடெங்கும் கொதிப்பை ஏற்படுத்தியது. குடிவரவுத் துறை வருத்தம் தெரிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 3 முதல் நடைமுறைக்கு வர இருந்த புதிய, விரிவான ஆவண விதிகள், எதிர்ப்பு வலுத்ததால் ஆகஸ்ட் இறுதியில் நிறுத்திவைக்கப்பட்டன. மனிதர்களைக் காப்பதற்காக வந்த ஒரு சோதனை, யாரிடம் எதைக் கேட்கலாம் என்ற வரம்பைத் தெளிவாக வைத்துக்கொள்ளாதவரை, முதல் முறை பயணம் செய்யும் எளிய சம்பளக்காரர்கள்மீதுதான் அதன் சுமை அதிகமாக விழும். இதை நான் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன்.

நம் அழைப்பு மையப் பெண் என்ன செய்யலாம்? தூதரகத்துக்குக் கொடுத்த எல்லாவற்றின் நகலையும் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடக் கூடாது. விடுப்பு அனுமதி அவருடைய நிறுவனத்தின் கடிதத்தாளில் இருக்கட்டும். எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், யாருடன் போகிறீர்கள் என்ற கேள்விகளுக்குப் பயணத்திட்டத்தில் எழுதியதையே சுருக்கமாகச் சொல்லட்டும். புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரத்துக்கு முன்பே வந்துவிட வேண்டும். இரண்டாம் கட்ட விசாரணைக்காக விமானம் காத்திருக்காது.

புறப்படுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் ‘இ-டிராவல்’ என்ற அரசு இணையப் பதிவை முடித்து அதன் கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது போலி. 1977-ஆம் ஆண்டு அரசாணையின்படி அமைந்த பயண வரி வேறு. சாதாரண வகுப்புக்கு 1,620 பெசோ என்பதே நெடுநாள் இருந்து வந்த விகிதம். விமான நிறுவனம் சீட்டோடு சேர்த்து வாங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் நிலையத்தில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 18 வயதுக்கு உட்பட்டவர் பெற்றோர் இன்றிப் பயணம் செய்தால் சமூக நலத்துறையின் பயண அனுமதி வேண்டும். திருமணப் பந்தத்தில் பிறக்காத குழந்தை தாயுடன் செல்ல அது தேவையில்லை. தந்தையுடன் செல்வதானால் தேவை. வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் இந்தச் சுற்றுலா வரிசைக்கே வரமாட்டார்கள். அவர்களுக்குப் புலம்பெயர் தொழிலாளர் துறையின் தனிச் சான்று உண்டு.

ஜப்பானில் இறங்கியபின்

இங்கே பெரும்பாலும் சிக்கல் இருப்பதில்லை. ‘விசிட் ஜப்பான் வெப்’ என்ற இணையச் சேவையில் முன்பே விவரங்களை நிரப்பினால் குடிவரவுக்கும் சுங்கத்துக்கும் காட்ட கியூஆர் குறியீடு கிடைக்கும். இயலாதவர்கள் விமானத்தில் தரும் காகிதப் படிவத்தை நிரப்பலாம். 16 வயது நிரம்பியவர்களின் இரு சுட்டுவிரல் ரேகைகளையும் முகப் படத்தையும் பதிவு செய்வார்கள். பிறகு பாஸ்போர்ட்டில் ஒரு சிறிய ஒட்டுத்தாளை ஒட்டுவார்கள். நாட்டுக்குள் நுழைய அனுமதி உண்மையில் கிடைப்பது இந்த ஒட்டுத்தாளில்தான். எந்தத் தேதி வரை தங்கலாம் என்பதும் அதிலேயே அச்சாகியிருக்கும். விசாவில் உள்ளதை விட்டுவிட்டு இந்தத் தேதியையே கணக்கில் கொள்ள வேண்டும். அதைத் தாண்டித் தங்கியவர் தாமே முன்வந்து ஒப்புக்கொண்டு வெளியேறினால் ஓராண்டும், பிடிபட்டு நாடு கடத்தப்பட்டால் பொதுவாக ஐந்து ஆண்டுகளும் மீண்டும் நுழையத் தடை விதிக்கப்படும்.

கடைசியாக, பிலிப்பைன்ஸ் குடும்பங்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. ஜப்பானில் இருக்கும் உறவினருக்கென்று ஊரிலிருந்து லோங்கனிசா, டோசினோ, சிச்சரோன் என்று பொட்டலம் கட்டி எடுத்துப் போகும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. அவை எல்லாம் பன்றி இறைச்சிப் பண்டங்கள். ஏற்றுமதி நாட்டின் அரசு தரும் ஆய்வுச் சான்றிதழ் இல்லாத எந்த இறைச்சிப் பொருளையும், சமைத்ததானாலும் காற்றுப்புகாமல் அடைத்ததானாலும், ஜப்பானுக்குள் கொண்டுவரக் கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் ஆசியாவில் பரவியபின் விமான நிலையங்களில் மோப்ப நாய்களைக் கொண்டு தீவிரமாகச் சோதிக்கிறார்கள். மறைத்துக் கொண்டுவந்தால் மூன்று ஆண்டு வரை சிறையோ 30 லட்சம் யென் வரை அபராதமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. உறவினருக்கு ஏதாவது கொண்டுபோக விரும்புபவர்கள் காய்ந்த மாம்பழத் துண்டுகளை எடுத்துச் செல்லலாம்; அதற்குத் தடையில்லை.